டிவி பழுதுக்குச் சுங்க வரி கேட்டால் கொடுக்காதீர்கள்

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி இடி விழுந்து எங்கள் வீட்டு சோனி டிவி போய்விட்டது. சம்பா நெல் போட்ட காசில் அப்பா ஆசையாக வாங்கியது. வாரண்டி முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் சென்னையில் இருந்ததால் இணையத்தில் தேடி, ‘அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்’ என்று முதலில் வந்த எண்ணை அப்பாவுக்குக் கொடுத்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள். சட்டையில் கம்பெனி பெயர், கழுத்தில் அட்டை. பின்மூடியைக் கழற்றி போர்டை எடுத்துக்கொண்டு, முன்பணம் 3,500 ரூபாய் வாங்கிப் போனார்கள். நாலு நாள் கழித்து போன்: “ஐயா, இது ஜப்பான் கம்பெனி. போர்டு அங்கேருந்துதான் வரணும். துறைமுகத்துல நிக்குது, சுங்க வரி 4,200 கட்டினாத்தான் விடுவாங்க.” அப்பா பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லி ஜிபே பண்ணிவிட்டார். பணம் போனது ஒரு தனி ஆள் பெயருக்கு. அப்புறம் போனை எடுக்கவே இல்லை. போர்டும் வரவில்லை.

‘ஜப்பான்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் ஏமாந்தோம். தாய் நிறுவனம் 1946-இல் டோக்கியோவில் தொடங்கியது, உண்மைதான். டிவி, சினிமா, பாட்டு, பிளேஸ்டேஷன் எல்லாம் அவர்களுடையதே. ஆனால் இந்தியாவில் விற்பனைக்கும் சர்வீசுக்கும் பொறுப்பு சோனி இந்தியா. 1994-இல் ஆரம்பித்த துணை நிறுவனம்; உரிமை முழுவதும் தாய் நிறுவனத்திடம் இருந்தாலும், நம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்தே வந்தாலும், இறக்குமதி செய்கிறவர்தான் சுங்கத்தில் வரி கட்ட வேண்டும். வீட்டில் டிவி பார்க்கிற என் அப்பா தலையில் அது எப்படி விழும்?

ஊருக்கு வந்ததும் டிவியோடு வந்த கையேட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். சீரியல் நம்பர் கேட்டுப் பார்த்துவிட்டு, அதில் புகாரே பதிவாகவில்லை, யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். அப்போதுதான் ரசீதை நன்றாகப் பார்த்தேன். சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, முகவரி என்று ‘கும்பகோணம்’ மட்டும்.

சைபர் குற்ற எண் 1930-இல் புகார் கொடுத்திருக்கிறோம். ஆனால் பணம் போய் 12 நாள் ஆகியிருந்தது. உங்களுக்கு நடந்தால் அந்த மணி நேரத்திலேயே கூப்பிடுங்கள். உண்மையான கம்பெனி சர்வீசிலேயே குறை என்றால் அது வேறு வழி: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். டெல்லிக்கோ ஜப்பானுக்கோ ஓட வேண்டியதில்லை.

நேற்று மறுபடி தேடிப் பார்த்தேன். அந்த எண் இன்னும் முதலிலேயே வருகிறது.