ஜப்பானில் மொழிப் படிப்பு: 'எல்லாம் சேர்த்து ஒரே தொகை' என்றால் உஷார்

"ஜப்பானிய மொழி, சமையல் வகுப்பு, தேநீர்ச் சடங்கு, ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கல், பகுதி நேர வேலை உத்தரவாதம், எல்லாம் சேர்த்து ஒரே தொகை." இந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டிவிட்டு, ஒசாகாவில் நாலு பேர் அறையில் படுத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் விழிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு சேர்க்கையிலும் இருக்கிறார்கள். ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றி அடுத்த தெருவில் கடை போடுவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் ஏமாற்றும் முறை மாறுவதில்லை.

அந்தப் பிள்ளைகள் கையில் இருக்கும் ரசீதைப் பாருங்கள். "ஜப்பான் ப்ரோக்ராம் ஃபீஸ், முழுத்தொகை பெறப்பட்டது" என்று ஒரே வரி. பள்ளியின் பெயர் இல்லை, யென்னில் கணக்கு இல்லை, எது திரும்ப வரும், எது வராது என்று ஒரு சொல்கூட இல்லை. மற்ற எல்லாத் தில்லுமுல்லும் இந்த ஒரு வரிக்குள்தான் ஒளிந்துகொள்கிறது.

முதலில் உண்மையான செலவு. ஜப்பானில் உள்ள மொழிப் பள்ளிகள் 'போஷூ யோகோ' என்ற சேர்க்கை விதிமுறைத் தாளில் கட்டணத்தைப் பிரித்து அச்சிடுகின்றன. தேர்வுக் கட்டணம் 20,000 முதல் 30,000 யென், சேர்க்கைக் கட்டணம் 50,000 யென் அளவில், ஆண்டுப் படிப்புக் கட்டணம் 6 லட்சம் யென்னிலிருந்து மேலே, அப்புறம் புத்தகம், கட்டடப் பராமரிப்பு. முதல் ஆண்டுக்குக் கூட்டினால் பெரும்பாலும் 7 முதல் 9 லட்சம் யென்னுக்குள் வரும். அன்றைய மாற்று விலையில் ரூபாயாக்கிப் பாருங்கள். ஏஜென்ட் சொல்லும் தொகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் 'சேவை'யின் விலை. பல பள்ளிகள் ஏஜென்ட்டுக்குத் தனியாகக் கமிஷனும் கொடுக்கின்றன. அதை அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

பணம் போகும் வரிசையும் முக்கியம். விண்ணப்பத்தோடு கட்டுவது தேர்வுக் கட்டணம் மட்டும். பிறகு பள்ளி உங்களுக்காக ஜப்பான் குடிவரவுத் துறையில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். எல்லோரும் சி.ஓ.இ. என்று சொல்வது அதைத்தான். அது வந்த பிறகுதான் படிப்புக் கட்டணத்துக்குப் பில் வரும், கட்டியதும் சி.ஓ.இ.யைப் பள்ளி அனுப்பும். அது மூன்று மாதம் செல்லும், அதற்குள் விசா எடுத்து ஜப்பானில் இறங்க வேண்டும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று நாலு சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்தாறு மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ஆகவே "ஏப்ரல் சேர்க்கைக்கு இன்னும் இடம் இருக்கு, இன்னிக்கே முழுசாக் கட்டிடுங்க" என்று ஒருவர் பிப்ரவரியில் சொன்னால், பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.

படிப்புக் கட்டணத்தை உங்கள் வங்கியிலிருந்து நேரே பள்ளியின் ஜப்பான் கணக்குக்கு அனுப்புங்கள். பள்ளியின் அனுமதிக் கடிதமும் பில்லும் காட்டி, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி தரும் ஏ2 படிவத்தில் கல்விக்கான நோக்கக் குறியீடு எஸ்0305 போட்டால் போதும். இது வெறும் பாதுகாப்புக்காகச் சொல்வதில்லை. விசா மறுக்கப்பட்டால், தேர்வுக் கட்டணமும் சில பள்ளிகளில் சேர்க்கைக் கட்டணமும் போக மீதியைத் திருப்பித் தருவது வழக்கம். அந்தப் பணம் பொதுவாக அனுப்பியவர் கணக்குக்கே போகும். அனுப்பியவர் ஏஜென்ட் என்றால் பணம் அவர் கைக்குப் போகும், உங்களுக்கு "பள்ளி தரமாட்டேன்னுடுச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். ஒன்றிரண்டு பேர் பள்ளிக்கே மின்னஞ்சல் போட்டபோதுதான் பணம் எப்போதோ திரும்பிவிட்டது தெரிந்தது.

பள்ளி நிஜமா என்பதையும் நீங்களே பார்க்கலாம். மாணவர் விசாவுக்குக் குடிவரவுத் துறையின் அறிவிப்புப் பட்டியலில் இருக்கும் பள்ளி வேண்டும், அல்லது 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி கல்வி அமைச்சகம் அங்கீகரித்த பள்ளி வேண்டும். இரண்டு பட்டியலும் இணையத்தில் பொதுவில் இருக்கின்றன. பழைய பட்டியல் பள்ளிகளுக்கு 2029 மார்ச் வரைதான் அவகாசம் என்பதால், இரண்டு ஆண்டுப் படிப்புக்குச் சேர்பவர்கள் பள்ளி புதிய அங்கீகாரம் வாங்கிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் குறைந்தது 20 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது. இதில் எதற்கும் பதில் சொல்லத் தெரியாத ஏஜென்ட் அந்தப் பள்ளியின் படியை மிதித்திருக்கவே மாட்டார்.

ஆவண மோசடிதான் இதில் ஆபத்தானது. ஆரம்ப நிலைக்கு ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் கடைசிப் படியான என்5 தேர்ச்சியோ 150 மணி நேரம் ஜப்பானிய மொழி படித்த சான்றோ கேட்பார்கள். "வகுப்புக்கு வர வேண்டாம், சான்றிதழ் நாங்க தர்றோம்" என்பவர்கள் உண்டு. நேர்காணலில் பெயரும் ஊரும் சொல்லத் திணறும்போது அது வெளுத்துவிடும். வங்கி இருப்பும் அப்படித்தான். ஒரே நாளில் பத்து லட்சம் கணக்கில் விழுந்தால், அது எப்படிச் சேர்ந்தது என்று கேட்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் முன்பு சி.ஓ.இ. கேட்டதுண்டா, மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஏஜென்ட் போட்ட போலி விண்ணப்பம் அங்கே பதிவாகி இருக்கும். அடுத்த முறை நீங்கள் 'இல்லை' என்று எழுதினால் பொய்யர் ஆவது நீங்கள்தான். அதனால் சமர்ப்பித்த ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

வேலை உத்தரவாதத்துக்கு வருவோம். மாணவர் வாரம் 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பள்ளியின் நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி. அதற்கான அனுமதியை விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம். டோக்கியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். 28 ஆல் பெருக்கி நாலு வாரத்துக்குப் போட்டால் 1,37,312 யென். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு போக அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு இதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. "ரெண்டு இடத்துல வேலை பாத்தா ஈடு கட்டிடலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். விசா நீட்டிப்பின்போது வருமானம் காட்டும் வரிச் சான்று அதைக் காட்டிக்கொடுக்கும். பச்சிங்கோ என்ற சூதாட்டக் கடை, கேபரே போன்ற இடங்களில் பாத்திரம் கழுவினாலும் சட்ட மீறல்தான்.

இனி கலாசாரம். புகைப்படத்தை வைத்தே அதிகம் விற்கப்படுவது இதுதான். உதோன் நூடுல்ஸ் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ககாவா மாகாணத்தின் சனுகி உதோன் மாவுக்கு உப்புநீர் பருவத்துக்கு ஏற்ப மாறும்: கடும் வெயிலில் ஒரு பங்கு உப்புக்கு மூன்று பங்கு நீர், குளிரில் ஆறு பங்கு, மற்ற நாளில் ஐந்து. பிசைந்து, பைக்குள் வைத்துக் காலால் மிதித்து, மணிக்கணக்கில் ஊறவிட்டுத்தான் உருட்டுவார்கள். அப்படியிருக்க '45 நிமிட உதோன் அனுபவம்' என்றால் வேறு யாரோ பிசைந்து வைத்த மாவை நீங்கள் வெட்டப்போகிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு ஒரு விலை கொடுக்கலாம், முழு வகுப்பு விலை கொடுக்கக்கூடாது. "மாவு யார் பிசைவார், எத்தனை மணி நேரம் ஊறும்?" என்று முன்பதிவுக்கு முன்னால் கேளுங்கள்.

தேநீரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கிண்ணம் உள்ளறையிலிருந்து கலக்கியே வந்தால் உடனே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. பெரிய கூட்டத்துக்கு அப்படிக் கொடுப்பது அங்கே மரபுதான். ஆனால் 'நீங்களே கலக்குங்கள்' என்று விற்றவர், மூங்கில் கரண்டியால் இரண்டு கரண்டி, அதாவது 2 கிராம் அளவு மாச்சா (பச்சைத் தேயிலைத் தூள்), 70 மில்லி வெந்நீர், ஆளுக்கொரு மூங்கில் கலக்கி என்று முன்னால் வைக்க வேண்டும். முப்பது பேருக்கு ஐந்து கலக்கி வைத்துக் கைமாற்றிவிட்டு, முழு வகுப்புக்கான விலையைப் பேக்கேஜில் சேர்த்திருப்பார்கள்.

சைவர்களுக்கு நடப்பது இதைவிடக் கொடுமை. 'குடும்பத்தோடு தங்கல், வெஜ் சாப்பாடு' என்று எழுதித் தருகிறார்கள். அந்த வீட்டு அம்மாவிடம் யாரும் எதையும் விளக்கியிருக்கமாட்டார்கள். இறைச்சித் துண்டு இல்லாவிட்டால் சைவம் என்று நம்பி மிசோ சூப் ஊற்றுவார். அதன் அடிநீரான தாஷி பெரும்பாலும் காட்சுவோ மீன் சீவலில் செய்தது. பாட்டிலில் விற்கும் நூடுல்ஸ் சாறிலும் அதே. கடையில் வாங்கும் கறிக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கிறது. பொட்டலத்தில் உள்ள ஒவ்வாமைக் குறிப்பை நம்பாதீர்கள். இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), நிலக்கடலை, வால்நட் போன்ற சிலவற்றைக் குறிப்பதுதான் கட்டாயம். காட்சுவோ அதில் வராது. முழுப் பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். தங்கப்போகும் வீட்டுக்கு "தாஷி கொம்பு கடற்பாசியிலோ ஷிதாகே காளானிலோ மட்டும்" என்று ஜப்பானிய மொழியில் எழுதி, ஒப்புதலை எழுத்திலேயே வாங்குங்கள்.

அறை விஷயத்தில் இரண்டே கணக்கு. ஜப்பான் வீட்டு விளம்பரத்தில் 80 மீட்டர் நடை ஒரு நிமிடம். 'நிலையத்திலிருந்து 20 நிமிடம்' என்றால் 1.6 கிலோமீட்டர். அடுத்து, மொழிப் பள்ளிகள் பலவற்றின் மாணவர்களுக்கு ரயிலில் மாணவர் சலுகைப் பாஸ் கிடைக்காது. ஏஜென்ட் போட்டுத் தரும் மாதச் செலவுத் தாளில் பாஸ் பாதி விலையில் இருந்தால் அந்தத் தாளே பொய். ஆறு மாத வாடகை முன்பணம் கேட்டால், பாதியில் காலி செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டையோ குடியிருப்பு அட்டையையோ 'பத்திரமா வெச்சுக்கறோம்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அட்டையை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பள்ளிக்கு மின்னஞ்சல் போடுங்கள்: எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில், யார் பெயரில். அந்தப் பதில்தான் உங்கள் ஆதாரம். ஜப்பானில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 188, காவல்துறை ஆலோசனை #9110. இந்தியாவில் நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்கை இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். விளம்பரத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், அந்த ஒற்றை வரி ரசீது, பள்ளியின் பதில், இந்த நாலையும் தேதி வாரியாக அடுக்கி மனுவோடு இணைத்துவிடுங்கள்.