ரொட்டிக் கழிவில் விளைந்த சிவப்பு நிறமி: சோப்பில் போட்டுப் பார்த்தேன்

கையால் சோப்பு செய்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துவது சிவப்பு நிறம்தான். செம்பருத்தியும் பீட்ரூட்டும் கிண்ணத்தில் கண்ணைப் பறிக்கும். காஸ்டிக் சோடா பட்டதும் அழுக்குப் பழுப்பாகிவிடும். அதனால் இரும்பு ஆக்சைடு தூளையே நம்பியிருந்தேன். மீந்துபோன ரொட்டியை உணவாகக் கொடுத்து, உப்பில் வாழும் நுண்ணுயிரிகளை வளர்த்து எடுத்த நிறமி ஒன்று கிடைக்கிறது என்று அறிந்ததும் வாங்கினேன்.

சிறிய புட்டியில் கெட்டியான அடர்சிவப்புக் குழம்பு. தண்ணீரில் கரையாது. விளக்கெண்ணெயில் நன்றாகக் குழைத்து, சோப்புக் கலவை இறுகத் தொடங்கும் நேரத்தில் சேர்த்தேன். காரத்தைத் தாங்கி நின்றது! அச்சிலிருந்து எடுத்து வெட்டினால் நடுப்பகுதி வரை ஒரே சீரான இளஞ்சிவப்பு, ஓரத்தில் மட்டும் லேசான ஆரஞ்சு.

நிறமியின் பெயர் பாக்டீரியோரூபெரின். கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கு உறவுதான். ஆனால் அதில் கார்பன் அணுக்கள் 40, இதில் 50. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடரும் இரட்டைப் பிணைப்புகள் அதில் 11, இதில் 13. அந்தத் தொடர் நீள நீள, நிறம் ஆரஞ்சிலிருந்து சிவப்பை நோக்கி நகரும். உப்பளத் தண்ணீர் சிவந்து கிடப்பதற்கும் பெரும்பாலும் இந்த நிறமிதான் காரணம்.

தயாரிப்பு முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு; நிறமி தரும் இந்த நுண்ணுயிரிகளுக்கு 150 முதல் 250 கிராம் வரை வேண்டும். அந்தக் கரிப்பில் வேறு கிருமிகள் எளிதில் தலைகாட்டாது. உணவுக் கழிவில் உப்பு மிகுந்தால் சாண எரிவாயுக் கலன் திணறும்; இங்கே அதே உப்பு வரவு. வளர்ந்த செல்களை நல்ல தண்ணீரில் போட்டால் தாமாகவே வெடித்துவிடும், உடைக்க இயந்திரம் தேவையில்லை. பிறகு ஆல்கஹாலில் நிறமியைப் பிரித்தெடுக்கலாம்.

குறைகளும் உண்டு. குழம்பை வடிகட்டியபோது துணியில் வெள்ளைத் துகள்கள் தங்கின. தண்ணீர் விட்டதும் கரைந்து போயின, கழுவப்படாத உப்பு. சோப்பில் உப்பு இருந்தால் நுரை குறையும், ஆகவே வடிகட்டாமல் சேர்க்காதீர்கள். வெளிச்சமும் இதற்கு ஆகாது. ஒரு கட்டியின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஜன்னலோரம் வைத்தேன். திறந்திருந்த பாதி வெளிறி வைக்கோல் நிறமானது, மூடிய பாதி அப்படியே இருந்தது. இப்படிப்பட்ட பொருளை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அனுப்புவது சரியில்லை. பழுப்புப் புட்டிக்கு மாற வேண்டும்.

எஞ்சிய உப்புநீரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன், இன்னும் பதில் இல்லை. அதை மறுபடி தொட்டியில் பயன்படுத்தாமல் மண்ணில் விட்டால், கழிவைக் காப்பாற்றி நிலத்தைக் கெடுத்த கதையாகிவிடும். உப்புநீரை என்ன செய்கிறார்கள் என்பதைப் பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.

அட்டையால் முழுதும் மூடி விற்கும் சோப்புகளுக்கு இனி இதுதான். கடையில் திறந்து அடுக்குபவர்கள் இரும்பு ஆக்சைடை விட வேண்டாம்.