இரட்டைக் கார்புரேட்டர் லிங்கேஜ் வேலை கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதச் சம்பளம் போய்விட்டது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. காலை எடுத்த பிறகும் ஆக்சிலரேட்டர் திரும்பாத ஒரு காரை, "எல்லாம் கச்சிதமாக இருக்கிறது, தைரியமாக மிதியுங்கள்" என்று சொல்லி என் கையில் சாவியைக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பெயர் சொல்லப் போவதில்லை. எஞ்சினின் சக்தியைக் கூட்டித் தருவதையே தொழிலாகச் சொல்லிக்கொள்ளும் பட்டறை அது. பளபளக்கும் எஞ்சின்களின் படங்கள், உறுமல் சத்தத்துடன் வீடியோக்கள், பாராட்டுக் கடிதங்கள் என்று எதற்கும் குறைவில்லை.

என்னுடையது நான்கு சிலிண்டர் எஞ்சின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பக்கவாட்டில் பொருந்தும் வெபர் 40 டிசிஓஇ இரண்டைப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொண்டை (காற்று போகும் குழாய்) என்பதால் சிலிண்டருக்கு ஒரு தொண்டை கிடைக்கும். கார்புரேட்டர்களும், அவற்றை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டும் என்னிடமே இருந்தன. அவர்கள் செய்ய வேண்டியது, பெடலைக் கார்புரேட்டர்களோடு இணைக்கும் லிங்கேஜ் கொடுத்துப் பொருத்துவதும், இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்து வேலை செய்யும்படி டியூன் செய்வதும்தான். அதற்குத்தான் இரண்டு மாதச் சம்பளம்.

நம்பிக்கை எப்போது வந்தது என்று நன்றாக நினைவிருக்கிறது. பட்டறைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து விரல் நீள ராட் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒரு முனையில் வலப்புரி மரை, மறு முனையில் இடப்புரி மரை, இரண்டிலும் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு). இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நடுவில் ராடை விரலால் உருட்டினார். இரண்டு முனைகளும் ஒரே சீராக விலகிப் போயின. "கழற்றாமலே மயிரிழை அளவுக்கு நீளத்தை மாற்றலாம் சார். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் தருவேன்" என்றார். வேலை தெரிந்தவர் பேசும் பேச்சு அது. முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டேன்.

வண்டி வந்தது. ஐடிலிங், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்கவே இல்லை. ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் ஒவ்வொரு வேகத்தில் நின்றது. மெதுவாக மிதித்தால் கார்புரேட்டர் வழியாகவே திருப்பி வெடித்தது. போன் செய்தேன். "புது வேலை சார், செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார்கள். மறுபடி செய்தேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள்.

பிறகு அந்த ஏற்றம். மூன்றாவது கியரில் முழுவதுமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்தேன். பெடல் மேலே வரவில்லை. எஞ்சின் அலறிக்கொண்டே இருந்தது, வண்டி பாய்ந்துகொண்டே போனது. கிளட்சை அழுத்தி, சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பி எஞ்சினை அணைத்தேன். முன்னால் வண்டி எதுவும் இல்லாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சொன்ன பிறகாவது பதறுவார்கள் என்று நினைத்தேன். "முதலாளி வெளியூரில் இருக்கிறார்." "நாளைக்கு அவரே கூப்பிடுவார்." கடைசியில் அவரே எடுத்தபோது சொன்ன பதில் இது: "எங்கள் பட்டறையை விட்டுப் போகும்போது நன்றாக இருந்தது. யாரோ கை வைத்திருக்கிறார்கள். நாங்கள் பொறுப்பில்லை." பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்ன பதில். பில்லில் பொருத்துகூலி என்று ஒரே வரி. என்ன பொருள் போட்டார்கள் என்று எழுதவே இல்லை. இரண்டு மாதச் சம்பளத்துக்கு ஒரே ஒரு வரி!

இந்த வகைக் கார்புரேட்டர்களிலேயே வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். "பெடலை மெதுவாக அமுக்குங்கள் தம்பி" என்றவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை அழைத்துக் காட்டினார். கார்புரேட்டர்களுக்கு மேலே ஒரு குறுக்குத் தண்டு. அதிலிருந்து ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஒரு ராட் இறங்குகிறது. இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டிய ராட் அங்கே இல்லை. சாதாரண மரைக் கம்பியை வளைத்து மாட்டியிருந்தார்கள். நீளத்தை மாற்றவே வழியில்லாத கம்பி!

தண்டில் இருந்த இரண்டு லிவர்களும் ஒரே நீளம் இல்லை. நீளமான லிவர் தன் கார்புரேட்டரை வேகமாகத் திறக்கும், குட்டையானது பின்தங்கும். பெடல் பாதி போனபோது முன் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை (தொண்டையைத் திறந்து மூடும் தகடு) ஏறக்குறைய முழுவதும் திறந்துவிட்டது, பின்னது பாதிகூடத் திறக்கவில்லை. இன்னும் அமுக்கியபோது முன்பக்க லிவரும் கம்பியும் ஒரே நேர்கோட்டுக்கு வந்து, அதையும் சற்றுத் தாண்டின. அங்கேதான் மாட்டிக்கொண்டது. நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் ஸ்பிரிங் எவ்வளவு இழுத்தாலும் லிவரைத் திருப்ப முடியாது. இழுக்க இழுக்க இன்னும் இறுகத்தான் செய்யும். ஏற்றத்தில் நடந்தது இதுதான்.

வெளி ஸ்பிரிங் பின் கார்புரேட்டரில் மட்டுமே இருந்தது. ஓடும்போது முன்பக்கக் கம்பி கழன்றால், உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங்கை மட்டும்தான் நம்ப வேண்டும். பெடலுக்கு அடியில், அளவுக்கு மேல் போகாமல் தடுக்கும் ஸ்டாப்பும் இல்லை. நான் மிதித்த பலம் முழுவதும் தகடுகளைத் தாங்கும் 8 மில்லிமீட்டர் ஸ்பிண்டிலில் போய் இறங்கி அதை முறுக்கிவிட்டது. ஒரே ஸ்பிண்டிலில் இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று மூடும்போது மற்றது சற்றுத் திறந்தே நிற்கிறது. இனி அதையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவு தனி. போதாக்குறைக்குக் கார்புரேட்டரின் நட்டுகளை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, ரப்பர் வளையங்களை நசுக்கி வைத்திருந்தார்கள். அந்த வளையங்கள் எஞ்சின் அதிர்வைத் தாங்கத்தான் இருக்கின்றன. அதிர்வு நேராக ஏறினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தங்கும் மிதவை அறையில் அது நுரைத்துப்போகும்.

டியூனிங் செய்த லட்சணமும் அப்போதே தெரிந்தது. பின் கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூ லிவரைத் தொடவே இல்லை. கம்பிதான் பட்டர்ஃபிளையைத் திறந்து பிடித்திருந்தது. தகடு அப்படி விலகி நின்றால் ஓரத்தில் இருக்கும் சிறு துளைகள் வெளிப்பட்டு அவற்றின் வழியாகப் பெட்ரோல் வரும். பிறகு, கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் பலன் இருக்காது.

முறைப்படி என்றால் ராடுகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு கார்புரேட்டரையும் அதனதன் ஐடில் ஸ்க்ரூவால் ஒரே காற்றளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு, லிவரைத் துளிகூட அசைக்காமல் பந்தின் மீது உட்காரும் வரை ராடின் நீளத்தை மாற்ற வேண்டும். ஏறக்குறைய 2000 ஆர்பிஎம்மில் மீட்டரை மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் இதைத்தான் செய்தார். அவர் கேட்ட கூலியைச் சொன்னால் எனக்கு மறுபடி ஆத்திரம் வரும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய செய்திகளைப் படித்ததற்கான அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை. இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் மணியே அடிப்பதில்லை. இரண்டு மாதச் சம்பளம்!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவையாவது செய்யுங்கள். என்ன பொருள் என்று பில்லில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை எடுக்கும் முன், எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருவரைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லித் தொண்டைக்குள் பாருங்கள். நான்கு தகடுகளும் ஒன்றுபோல முழுவதும் திறந்து நிற்க வேண்டும். காலை எடுத்ததும் நான்கும் சட்டென்று மூட வேண்டும். ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனி ஸ்பிரிங், பெடலுக்கு ஸ்டாப் இரண்டும் இல்லையென்றால் சாவியை வாங்காதீர்கள். ஓடும்போது பெடல் மாட்டிக்கொண்டால் கிளட்சை அமுக்குங்கள், சாவியை ஒரு நிலை மட்டும் திருப்புங்கள். வெளியே உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.