டிரைக்கோடெர்மாவா, சூடோமோனாஸா, பேசில்லஸா: காய்கறி விதைக்கு எது?

காய்கறி விதை நேர்த்தி, அதாவது விதைக்கும் முன் விதையைப் பக்குவப்படுத்துவது என்றதும் மூன்று நுண்ணுயிர்களின் பெயர்கள் அடிபடுகின்றன: டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் புளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ். மூன்றுமே முளைப்புத்திறனைக் கூட்டும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். கரு செத்த பழைய விதையை எந்த நுண்ணுயிரும் எழுப்பாது. கரைசலில் ஊறிய விதை சீக்கிரம் முளைப்பதிலும் தண்ணீருக்குப் பெரும்பங்கு உண்டு. வெறும் தண்ணீரில் அதே நேரம் ஊறிய விதையைப் பக்கத்துக் குழித்தட்டில் போட்டுப் பாருங்கள். நுண்ணுயிரின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். முளை வெளிவந்ததிலிருந்து நாற்று நாலைந்து இலை விடும்வரை உள்ள காலத்தில்தான் இவற்றின் உண்மையான உழைப்பு.

நாற்றழுகல் தொல்லை என்றால் யோசிக்காமல் டிரைக்கோடெர்மா. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளில் மண்ணை ஒட்டிய தண்டு நீர் கோத்து, நூலாக இளைத்து, காலையில் பார்த்தால் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். ரைசோக்டோனியா என்ற பூசணம், பூசணத்தைப் போன்ற பித்தியம் முதலியவற்றின் வேலை இது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான். ஆனால் எதிரியின் இழையைச் சுற்றிப் படர்ந்து, செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, அதையே உணவாக்கிக்கொள்கிறது. மண்ணிலுள்ள மற்றப் பூசணங்களை இது ஒட்டுண்ணியாகத் தாக்குவதை ஆய்வாளர் வைண்ட்லிங் 1932இலேயே எழுதிவிட்டார். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வழக்கமான அளவு. மக்கிய எருவில் கலந்து நாற்றங்காலிலும் இடலாம். பூசணம் என்பதே இதன் பலவீனமும்கூட: கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி பட்டால் செத்துவிடும். சாயம் பூசி, பூசணக்கொல்லி தடவி வரும் விதையில் இதையும் புரட்டுவது வீண்செலவு.

நாற்று நன்றாக நிற்கிறது, வேர்தான் போதவில்லை என்றால் சூடோமோனாஸ் பக்கம் போகலாம். இந்த பாக்டீரியா வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; சுற்றியுள்ள இரும்புச்சத்தைப் பிணைத்து நோய்க்கிருமிக்குக் கிடைக்காமல் செய்கிறது; செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் உசுப்பிவிடுகிறது. கிலோ விதைக்கு 10 கிராம். சிக்கல் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. இது கெட்ட காலத்தைத் தாங்கி உறங்கும் வித்து (ஸ்போர்) உருவாக்காத இனம். வெயிலிலும் வறட்சியிலும் மடமடவென்று சாகும். தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்கினால் கைக்கு வருவது வெறும் டால்க் பவுடர்தான். தாமிரப் பூசணக்கொல்லியோடும் சேர்க்கக் கூடாது.

பேசில்லஸின் சிறப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அந்த பாக்டீரியா தன் செல்லுக்குள்ளேயே உருவாக்கும் அகவித்தாக உறங்கிக் கிடக்கும். சூடு, வறட்சி, பல பூசணக்கொல்லிகள் எல்லாவற்றையும் தாங்கும். குளிர்ச்சியான இடத்தில் வைத்துக் காக்க வழியில்லாதவர்களுக்கும், மருந்து பூசிய விதையை வாங்குபவர்களுக்கும் என் தேர்வு இதுவே.

மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் மும்மடங்கு பலன் வரும் என்ற கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. சில சூடோமோனாஸ் ரகங்கள் சுரக்கும் பொருள்கள் டிரைக்கோடெர்மாவையே அடக்கிவிடும். விதைக்கு ஒன்று, எருவில் இன்னொன்று என்று பிரிப்பது நல்லது. வேர்ப்பூசணமான மைகோரைசாவை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி குடும்பத்தோடு அது பொதுவாகக் கூட்டுச் சேராது.

எதைத் தேர்ந்தாலும் கலவை விதைமேல் மெல்லிய படலமாகப் படிந்தால் போதும். பிறகு நிழலில், விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரும்வரை உலர்த்த வேண்டும். பீன்ஸ் விதையை மட்டும் நெடுநேரம் ஊறப்போடாதீர்கள். தோல் வெடித்து உள்ளிருக்கும் சர்க்கரை கசியும்; பித்தியம் அதை மோப்பம் பிடித்து வந்துவிடும்.