அசல் கண்ணாடியா, வெளிச்சந்தைக் கண்ணாடியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்புறச் சாலையில் செம்பனைக் குலை லோரி தெறிக்கவிட்ட கல்லால் காரின் முன்கண்ணாடியின் விளிம்புவரை விரிசல் ஓடிவிட்டால், பிசின் ஊற்றி ஒட்டுவது பயன் தராது. மாற்றியே ஆக வேண்டும்.

கார் நிறுவனம் தரும் அசலுக்கும், பிற நிறுவனங்கள் செய்து விற்கும் வெளிச்சந்தைக் கண்ணாடிக்கும் அமைப்பு ஒன்றே: இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். கன்சில் போன்ற பழைய சிறு காருக்கு விலை குறைந்த வெளிச்சந்தைக் கண்ணாடியே போதும் என்பது என் கருத்து. ஆனால், 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் உயர்வகையைப் போல, கண்ணாடிக்குப் பின்னுள்ள கேமராவை நம்பித் தானே பிரேக் பிடிக்கும் காரென்றால், கண்ணாடியின் வளைவில் நேரும் சிறு பிசகும் கேமராவின் கணிப்பைக் கெடுக்கக்கூடும் என்பதால், அசலையே கேட்டு வாங்கி, கேமராவையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

கண்ணாடிக்கெனத் தனிக் காப்புறுதி எடுத்திருந்தால், இழப்பீடு கோரினாலும் என்சிடி கழிவு (இழப்பீடு கோராதவருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தரும் தள்ளுபடி) குறையாது. இது தெரியாமல் சொந்தக் காசைச் செலவழிப்போரும் உண்டு. எதைப் பொருத்தினாலும், பசை இறுகும்வரை காரைத் தோட்டத்துக் குழிகளில் இறக்கக் கூடாது.