கமோடோர் 64-ஆ, ஆப்பிள் டூ பிளஸ்ஸா? பழுது வரும்போது தெரியும்

பழைய கணினி ஒன்றை வாங்கி வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் தேடுவது கமோடோர் 64. அதில் தப்பே இல்லை. நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன், இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் மேஜைமேல் வழக்கமாக ஓடுவது என்னவோ ஆப்பிள் டூ பிளஸ்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்த அலசல். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

விளையாட்டுகளை ஆடிப் பார்த்தால் போதும் என்கிறவர்கள் இரண்டையுமே வாங்க வேண்டாம். இந்தப் பழைய இயந்திரங்களைப் போலவே இன்றைய கணினியில் நடிக்கும் வைஸ், ஆப்பிள்வின் போன்ற எமுலேட்டர் மென்பொருள்கள் இலவசம், நன்றாகவே வேலை செய்கின்றன. பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே கை வைக்கத் துணிந்தவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

கமோடோரின் பலம் ஊரறிந்தது. 1982-ல் வந்தது, ஒரு கோடிக்கு மேல் விற்றது, அதனால் இன்றும் தேடினால் கிடைக்கிறது. விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடங்கிவிடுவதால் இடம் அடைக்காது. விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒலியில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஆளில்லை. பாப் யானஸ் வடிவமைத்த சிட் என்ற ஒலிச் சிப்பில் மூன்று குரல்களும் ஒரு ஃபில்டரும் உண்டு. அதற்கென்றே இன்றும் இசையமைக்கிறார்கள். ஆப்பிள் டூ பிளஸ்ஸில் இருப்பதோ ஒரு சின்ன ஸ்பீக்கர். ப்ராசசர் தட்டினால் 'டிக்' என்னும். ஒரு சுருதி வேண்டுமென்றால் ப்ராசசரே உட்கார்ந்து விடாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். சின்ன எழுத்துகளும் வராது, ஆங்கிலம் முழுக்கப் பெரிய எழுத்தில்தான். 1979-ல் வந்த சரக்கு, அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆப்பிள் பொதுவாக விலையும் கூடுதல்.

இதுவரை கமோடோர்தான் முன்னால். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை அப்படித்தான் இருக்கும்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஆன இயந்திரம் ஒருநாள் மக்கர் பண்ணும். அன்றைக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. கமோடோர் நிறுவனம் 1976-ல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் தயாரிப்பாளரையே விலைக்கு வாங்கியிருந்தது. சொந்தத் தொழிற்சாலை இருந்ததால் படத்துக்கு விக்-டூ, ஒலிக்கு சிட், எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துவிட பி.எல்.ஏ. என்று தனக்கு வேண்டியதைத் தானே அடித்துக்கொண்டது. 64-ஐ அவ்வளவு மலிவாக விற்க முடிந்ததற்கு அதுவே காரணம். 1994-ல் கம்பெனி திவாலானது. அன்றைய மலிவுக்கு எது காரணமோ அதுவேதான் இன்றைய தலைவலிக்கும் காரணம். விக்-டூ போனால் அதே சிப் வேறெங்கும் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு கமோடோரிலிருந்து பிடுங்க வேண்டும், இல்லையென்றால் இப்போதைய ஆர்வலர்கள் செய்யும் மாற்றுப் பலகையை வாங்க வேண்டும். ப்ராசசரும் அப்படித்தான். கமோடோரின் 6510 என்பது ஆப்பிளில் இருக்கும் 6502-ன் தம்பி என்றாலும், பல கம்பெனிகள் தயாரித்த 6502-ஐ அதன் இடத்தில் செருக முடியாது.

ஆப்பிள் டூ பிளஸ்ஸின் கதை நேரெதிர். 1977-ல் வந்த முதல் ஆப்பிள் டூவை ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்தபோது சொந்தமாகச் சிப் அடிக்கக் கம்பெனியிடம் வசதியில்லை. கடையில் கிடைக்கும் 74எல்எஸ் வகைச் சாதாரண லாஜிக் சிப்புகளை வைத்தே முழு போர்டையும் அமைத்தார். பிளஸ்ஸும் அதே போர்டின் வழிவந்ததுதான். மூடியைத் திறந்தால் வரிசை வரிசையாகச் சிப்புகள், எல்லாமே சாக்கெட்டில். சந்தேகப்பட்டதைக் கழற்றி இன்னொன்றைப் போட்டுப் பார்க்கலாம், சால்டரிங் அயர்னை எடுக்கவே வேண்டாம். அந்த 74எல்எஸ் சிப்புகளில் பல இன்றும் புதிதாகவே வாங்கக் கிடைக்கின்றன. கமோடோரில் சில போர்டுகளில் முக்கியச் சிப்புகளுக்கு மட்டும் சாக்கெட் இருக்கும், நினைவகச் சிப்புகள் பெரும்பாலும் சால்டர் செய்யப்பட்டவை.

சர்க்யூட் வரைபடம் இரண்டு கம்பெனிகளுமே வெளியிட்டவைதான். ஆனால் கமோடோர் வரைபடத்தில் விக்-டூ வெறும் ஒரு கட்டம். அதற்குள் என்ன நடக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது. ஆப்பிள் வரைபடத்தில் திரையில் ஒரு புள்ளி எங்கே பிறக்கிறது என்று கவுண்டர் எனப்படும் எண்ணும் சிப்புகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தொடரலாம்.

ஒரு பழுதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பிளஸ்ஸில் நினைவகம் 4116 சிப்புகள், எட்டெட்டாக மூன்று வரிசை. ஒவ்வொரு எழுத்தும் எட்டு பிட், அதாவது எட்டு இடத்தில் பூஜ்யமோ ஒன்றோ. ஒரு வரிசையில் ஒவ்வொரு சிப்பும் அதில் ஒரு பிட்டை வைத்திருக்கும். ஆன் செய்ததும் திரையின் உச்சியில் ஆப்பிள் என்று ஐந்து எழுத்து வர வேண்டும்: ஏ, பி, பி, எல், இ. அதற்குப் பதில் ஏ, கியூ, கியூ, எம், இ என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ-யும் இ-யும் சரி, மற்றவை ஒரு எழுத்து தள்ளிப் போயிருக்கின்றன. கடைசி பிட் எப்போதும் ஒன்றாகவே நின்றுவிட்டது என்று அர்த்தம். ஏற்கெனவே ஒன்றாக இருந்த எழுத்துகள் தப்பித்தன. மின்சாரத்தை நிறுத்தி, முதல் வரிசையின் முதல் சிப்பையும் பக்கத்துச் சிப்பையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி ஆன் செய்தால் சி, ஆர், ஆர், என், ஜி என்று வரும். கோளாறு அடுத்த பிட்டுக்கு நகர்ந்துவிட்டது, குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. சிப் முழுதாகச் சாகாமல் சில இடங்களில் மட்டும் கெட்டிருந்தால்தான் இவ்வளவு அழகாகத் தெரியும். முழுதும் போனால் இயந்திரம் எழவே எழாது. அப்போதும் அதே இடமாற்றம்தான் வழி, கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

கமோடோரில் பி.எல்.ஏ. போனாலும் கறுப்புத் திரை, நினைவகம் போனாலும் கறுப்புத் திரை, நிரல் நிரந்தரமாகப் பதிந்த ரோம் சிப் போனாலும் பல நேரம் அதேதான். சோதனைக் கார்ட்ரிட்ஜ் செருகி, எந்தச் சிப் சுடுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். அனுபவசாலிகள் இதில் மன்னர்கள். புதிதாக வருகிறவர் திணறுவார்.

ஆப்பிள் பக்கமும் எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். 4116 சிப் இப்போது தயாரிப்பில் இல்லை, பழைய இருப்பை நம்பித்தான் பிழைப்பு. அதற்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும், மைனஸ் ஐந்து வோல்ட் வராமல் போனால் சிப்பே போய்விடும். ஜாய்ஸ்டிக்குக்கான 558 டைமரும் தயாரிப்பில் இல்லை. ரோம்களில் உள்ளதை ஈப்ராம் என்ற, நாமே எழுதக்கூடிய சிப்பில் எழுதி, சின்ன அடாப்டர் வைத்துச் சமாளிக்கலாம். 6502-ன் வாரிசுச் சிப் இன்றும் புதிதாக வருகிறது, ஆனால் அதை அப்படியே எடுத்துச் செருகிவிட முடியாது. பழைய 6502-ஐத் தேடுவதே சுலபம்.

பவர் சப்ளை இரண்டிலும் ஆபத்துதான், ஆனால் ஆபத்தின் தன்மை வேறு. ஆப்பிளில் மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் காகித வகை ஃபில்டர் கெபாசிட்டர் வயதாகி வெடிப்பு விட்டிருக்கும். ஆன் செய்தால் அறை முழுக்கப் புகையும் நாற்றமும். பயந்துபோவோம், ஆனால் பெரும்பாலும் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. முன்கூட்டியே மாற்றிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. கமோடோரின் கறுப்பு அடாப்டர் பிசினால் அடைக்கப்பட்டது, பிரித்துப் பார்க்கக்கூட முடியாது. உள்ளே ரெகுலேட்டர் கெட்டால் ஐந்து வோல்ட்டுக்குமேல் ஏறி நேராக நினைவகத்தையும் மற்றச் சிப்புகளையும் பதம் பார்க்கும். புகை, நாற்றம் என்று எந்த எச்சரிக்கையும் இருக்காது. கமோடோர் வாங்குகிறவர்கள் பழைய அடாப்டரைத் தொடாமல் புதிய பவர் சப்ளையோடு ஆரம்பிப்பதே நல்லது.

அப்போ பிளஸ்ஸுக்கு அடுத்து வந்த ஆப்பிள் டூஇ? 1983-ல் வந்த அதில் சின்ன எழுத்து உண்டு, நினைவகமும் ஒற்றை மின்னழுத்தத்தில் ஓடும் 4164. பயன்படுத்த பிளஸ்ஸைவிட வசதி. ஆனால் நினைவகத்தையும் உள்ளீடு-வெளியீட்டையும் கவனிக்க எம்.எம்.யூ., ஐ.ஓ.யூ. என்று இரண்டு பிரத்யேகச் சிப்புகள் உள்ளே வந்துவிட்டன. அவை லேசில் போவதில்லை என்பது என் எண்ணம், நெடுநாள் வைத்திருந்து சொல்வதல்ல. பழுது பார்க்க ஆசையில்லாமல் ஆப்பிள் மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு டூஇ-யையே சொல்வேன். அதே காலத்து இன்னொரு வீட்டுக் கணினியான ஸ்பெக்ட்ரத்தை நண்பர் வீட்டில்தான் தொட்டிருக்கிறேன், அதனால் பட்டும் படாமலும்தான் பேச முடியும். அதிலும் யூ.எல்.ஏ. என்று ஒரு சொந்தச் சிப். ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெம்ப்ரேன் என்ற மெல்லிய தாள் நாளாவட்டத்தில் நொறுங்கும், ஆனால் அதற்குப் புதிது கிடைக்கிறது.

இசைக்காகவே வருகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், அவர்களுக்குக் கமோடோர்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: தனியாக விற்கும் சிட் சிப்புகளில் மேலே எண்ணை அழித்து மாற்றி அச்சடித்த போலிகள் உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் வைத்த புதிய மாற்றுகள் நன்றாகவே பாடுகின்றன. பழைய சிட்டான 6581-ல் ஃபில்டர் சிப்புக்குச் சிப் வேறுபடும் என்பதால், அசலோடு ஒப்பிடுவதென்றாலே எந்த அசலோடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் போர்டின் படத்தைக் கேளுங்கள். துரு, பச்சை படிந்த கால்கள், யாரோ அவசரமாகச் சால்டர் செய்த தடம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். கமோடோருக்கு அடியில் மூன்று ஸ்க்ரூ கழற்ற வேண்டும், விற்பவர் அலுத்துக்கொண்டால் மன்னித்துவிடலாம். ஆப்பிளின் மூடி பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். அதைக்கூடத் திறந்து காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.