வானியல் கேமரா என்ற பெயரில் அகச்சிவப்புக் கேமரா: வாங்குவோர் கவனத்திற்கு

நெபுலாக்களை, அதாவது விண்வெளியிலுள்ள வாயு மேகங்களைப் படமெடுக்க மாற்றியமைக்கப்பட்டது என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் ஒன்றை, இத்தகைய மாற்றங்களைத் தொழிலாகவே செய்துதரும் ஒரு கடையிடமிருந்து இணையம் வழியாக வாங்கினேன். நெபுலாவின் சிவப்பொளியை அந்தக் கேமராவால் பதிவுசெய்யவே இயலாது. பணத்தைத் திருப்பித்தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். அதே விளம்பரம் இன்றும் அப்படியே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ரோசெட் போன்ற நெபுலாக்களின் சிவப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளிதான். மனிதத் தோலின் நிறம் இயல்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாதாரண கேமராக்களில் சென்சாருக்கு முன்னே வைக்கப்படும் ஃபில்டர், அந்த ஒளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். அதை நீக்கிவிட்டு, 656 நானோமீட்டர் ஒளியைத் தடையின்றி விடும் கண்ணாடியைப் பொருத்துவதே வானியலுக்கான மாற்றம்.

எனக்கு வந்த கேமராவிலோ 720 நானோமீட்டர் அகச்சிவப்பு ஃபில்டர் பொருத்தப்பட்டிருந்தது. இலைகள் வெண்மையாகத் தெரியும் நிலக்காட்சிப் படங்களுக்கு அது நல்ல கருவி. ஆனால் ஏறத்தாழ அந்த அளவுக்குக் கீழுள்ள ஒளியை, 656 உட்பட, அது தடுத்துவிடும். அதன் முன்னே, 656ஐ ஒட்டிய 7 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் ஒளியை விடும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரை வைத்தால், ஒன்று விடுவதை மற்றொன்று தடுப்பதால் சென்சாருக்கு எதுவுமே போய்ச் சேராது. தை மாதத்து நிலவில்லா இரவில் ஜவ்வாது மலையில் ரோசெட்டை நோக்கி நீண்ட நேரம் திறந்துவைத்து எடுத்த படங்களில் ஒரு விண்மீன்கூட இல்லை. ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரைக் கழற்றியதும் விண்மீன்கள் வந்தன, நெபுலா வரவில்லை. அத்தகைய இரவுகள் ஆண்டில் சிலவே வாய்க்கின்றன என்பதால், பணம் போனதைவிட அந்த இரவு வீணானதே எனக்குப் பெரிய வருத்தம்.

இந்த ஏமாற்று எளிதில் வெளிப்படாததற்குக் காரணம் உண்டு. டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டருக்குச் செல்லும் ஒளி, சென்சாரை எட்டும் முன்பே ஆடியால் திருப்பப்படுவதால், அதன் வழியே பார்க்கும்போது எல்லாம் இயல்பாகவே தெரியும். ஆகவே கேமரா கைக்கு வந்த அன்றே, சென்சார் துப்புரவுக்கான மெனுவில் ஆடியை உயர்த்தி உள்ளே பாருங்கள்: மாற்றப்படாத கேமராவில் கண்ணாடி இளநீலச் சாயலோடும், 720 ஃபில்டர் இருந்தால் கருஞ்சிவப்பாகவும் தெரியும். பகலில் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரை மாட்டி வானத்தை எடுத்துப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. சரியான கேமராவின் ரா கோப்பில், அதாவது சென்சார் பதிவுசெய்ததை அப்படியே சேமிக்கும் கோப்பில், சிவப்புப் பிக்சல்களில் நல்ல பதிவு இருக்கும், பச்சையிலும் நீலத்திலும் மிகக் குறைவாகவே இருக்கும். டிவி ரிமோட்டின் முனையைப் படமெடுக்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். ஃபில்டரே இல்லாத முழு நிறமாலைக் கேமராவிலும் ரிமோட்டின் ஒளி பளிச்சென்று விழும் என்பதால், அதையும் 720 ஃபில்டர் உள்ள கேமராவையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது.

"அகச்சிவப்பும் சிவப்புதானே, நெபுலாவும் சிவப்புதானே" என்பதே கடைக்காரர் தந்த விளக்கம். இதையே தொழிலாகச் செய்பவர் 656க்கும் 720க்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. படங்களையும் ரா கோப்புகளையும் அனுப்பியபின், மாற்றம் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று எழுதிவிட்டுப் பதில் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவுசெய்திருக்கிறேன். ரசீதில் "வானியல் மாற்றம்" என்ற சொல் இருப்பதே இப்போது என் கையிலுள்ள முதன்மையான சான்று. நீங்கள் வாங்குவதாக இருந்தால், பொருத்தப்பட்ட கண்ணாடி எந்த அலைநீளம் முதல் எந்த அலைநீளம் வரை ஒளியை விடும் என்பதையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் கேமராவைத் தாமே பிரித்து ஃபில்டரை மாற்ற முனைய வேண்டாம், ஏனெனில் பிளாஷின் மின்தேக்கியில் தேங்கியிருக்கும் மின்சாரம் கேமராவை அணைத்த பின்னும் கடுமையாகத் தாக்கக்கூடியது.